முதுமையில் மையப் பார்வை இழப்பு: மாகுலாச் சிதைவும் காலந்தாழ்ந்த கண்டறிதலும்

முதுமையில் பார்வை மங்கினால் அதனைப் புரை எனக் கருதி, ‘முற்றட்டும், பிறகு அறுவை செய்துகொள்ளலாம்’ என்று காத்திருப்பது தமிழகக் குடும்பங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். புரையில் இக்காத்திருப்பால் பெரும்பாலும் மீளாக் கேடு நேர்வதில்லை. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை மீள்கிறது. மாகுலாச் சிதைவில் நிலைமை வேறு. அதில் அழிந்த ஒளியுணர் செல்கள் மீண்டும் தோன்றுவதில்லை.

மாகுலா என்பது விழித்திரையின் நடுவே ஏறத்தாழ 5.5 மி.மீ. விட்டமுடைய பகுதி, மஞ்சள் புள்ளி எனவும் வழங்கும். எழுத்தை வாசித்தல், முகத்தை அடையாளங்காணல், ஊசியில் நூல் கோத்தல் ஆகியன இதனைச் சார்ந்தவை. இது சிதைந்தாலும் பக்கப் பார்வை எஞ்சுகிறது. எனவே, வீட்டினுள் தடுமாறாமல் நடக்கும் முதியவர், எதிரில் நிற்கும் பேரனின் முகத்தை அறியாமற் போகக்கூடும். வீட்டார் இதனை மறதி என்று கொள்வதும் உண்டு.

நோயாளருள் பெரும்பான்மையினருக்கு இருப்பது உலர்வகை. விழித்திரையின் நிறமிப் படலத்துக்குக் கீழே ட்ரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகள் சேர, பல ஆண்டுகளில் செல்கள் மெல்ல நலிகின்றன. புகைப்பிடித்தல் இதன் வாய்ப்பை மிகுவிக்கும். ஈரவகை அவ்வாறு பொறுப்பதில்லை. புதிய குருதி நாளங்கள் விழித்திரைக்கு அடியில் முளைத்துக் குருதியையும் நீர்மத்தையும் கசியவிடுவதால், சில வாரங்களிலேயே பார்வை பெரிதும் குன்றலாம். இந்நாளங்களின் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ராணிபிசுமாப் மருந்துக்கு 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. கண்ணுக்குள் செலுத்தப்படும் இத்தகைய ஊசிமருந்துகள் கசிவை அடக்கிப் பலருக்கு எஞ்சிய பார்வையைக் காக்கின்றன. வடுவாகிவிட்ட இடத்தை மீட்பதில்லை.

காலந்தாழ்தலுக்குப் புரை என்னும் எண்ணம் மட்டும் காரணமன்று. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்துவிடுவதால், இரு கண்களாலும் பார்ப்பவர் அதனை உணர்வதேயில்லை. சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் உருவாக்கிய கட்டப்படம் இங்குப் பயன்படுகிறது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம், அதனுள் 5 மி.மீ. கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. வாசிப்புக் கண்ணாடி அணிந்து, ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் அதனைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியை நோக்க வேண்டும். கோடுகள் வளைந்தோ அறுபட்டோ தோன்றினால் விழித்திரை மருத்துவரை உடனே அணுகுதல் வேண்டும். படம் கைவசம் இல்லாதவிடத்துச் சன்னற் கம்பிகளையும் கதவு நிலையையும் அவ்வாறே ஒவ்வொரு கண்ணாலும் நோக்கலாம். கோடுகள் நேராகத் தெரிந்தமையால் மட்டும் நோயில்லை எனக் கொள்ளலாகாது. தொடக்கநிலை உலர்வகை, கண்மணியை விரித்துச் செய்யும் சோதனையிலேயே பெரும்பாலும் புலப்படும்.