முறுக்குச் சட்டி எண்ணெய்க்கு மறுவாழ்வு

தீபாவளி நெருங்கினால் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்து வீடுகளில் முறுக்கு சுடும் மணம் தெருவரை வரும். கடைசி ஈடு இறங்கியதும் சட்டியில் கறுத்த எண்ணெய் மிஞ்சும். பெரும்பாலும் அது செம்பனை எண்ணெய். 1896இல் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். பின்னாளில் மலாக்காத் தோட்டங்கள் பலவும் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. அங்கே நம்மவர் உழைத்து விளைவித்த எண்ணெய் கடைசியில் சாக்கடைக்குப் போகலாமா?

சேகரிக்கும் பழைய எண்ணெய் பெரும்பாலும் பயோடீசலாகி எரிகிறது. அதை இயந்திரங்களுக்கு உயவு எண்ணெயாகவும் ஆக்கலாம். மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமை இட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது அந்நியமல்ல.

தாவர எண்ணெயை அப்படியே ஊற்றினால் சூட்டில் கெடும். கொழுப்பு அமிலங்களைக் கட்டிவைத்திருக்கும் கிளிசரால்தான் முக்கியப் பலவீனம். அதை நீக்கி, டிரைமெத்திலால்புரோப்பேன் என்ற ஆல்கஹாலைப் பிணைத்தால் சூடு தாங்கும். புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தில் ரோபியா யூனுஸ் குழுவினர் 2000களில் செம்பனை எண்ணெயிலிருந்தே எஸ்டர் எனப்படும் இத்தகைய சேர்மங்களை உருவாக்கினர்.

அவர்கள் பயன்படுத்தியது காரவகை வினையூக்கி. பொரித்த எண்ணெயிலோ தனித்த அமிலம் கூடியிருக்கும். காரம் பட்டால் சவர்க்காரமாகிவிடும். இங்கேதான் லைப்பேஸ் என்ற நொதி கைகொடுக்கிறது. நம் குடலில் கொழுப்பைச் செரிக்க வைப்பதும் இதே வகை நொதிதான். தண்ணீர் இருந்தால் எண்ணெயை அமிலங்களாகப் பிரிக்கும். தண்ணீரை வெளியேற்றினால் அந்த அமிலங்களை ஆல்கஹாலோடு இணைக்கும். 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடே போதும். சிறு மணிகளில் பதித்த நொதியை வடித்தெடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

நொதியின் விலை இன்னும் தடைதான். செம்பனை எண்ணெயிலுள்ள பாமிட்டிக் அமிலத்தால் உயவு எண்ணெய் குளிரில் உறைவது ஐரோப்பாவில் பெரும் சிக்கல். மலாக்கா வெயிலில் அது பெரிய குறையல்ல. மரம் அறுக்கும் செயின்சாவின் சங்கிலி எண்ணெய் முழுவதும் மண்ணில்தான் சிந்துகிறது. மக்கும் எண்ணெய் முதலில் போக வேண்டிய இடம் அதுவே.

டுரியான் துங்காலில் மலாக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே உராய்வியல் ஆய்வு நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் போக வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை, ஆறிய எண்ணெயை வடிகட்டி, தண்ணீர் படாமல் பாட்டிலில் அடைத்து, சேகரிப்பவரிடம் கொடுங்கள். நொதியின் வேலை அடுப்படியில்தான் தொடங்குகிறது.