குளிசையை நிறுத்த வேண்டாம்

கிளினிக்கில் தரும் மெட்போமின் குளிசையை நிறுத்திவிட்டு, "ஒட்சியேற்றத்தைத் தடுக்கும்" என்று எழுதிய போத்தலைக் காசு கொடுத்து வாங்குவது சீனி வருத்தக்காரருக்கு இரட்டை நட்டம். பணமும் போகும், எந்த உறுப்புகளைக் காப்பாற்ற வாங்கினாரோ அவையும் கெடும்.

போத்தல் சொல்லும் ஆபத்து உண்மைதான். இரத்தத்தில் சீனி கூடும்போது கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகள் அளவுக்கு மீறிய குளுக்கோசை எரிக்கின்றன. அப்போது பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கக்கூடிய ஒட்சிசன் வகைகள் பெருகுகின்றன. உடலால் அவற்றை அடக்க முடியாமல் போவதே ஒட்சியேற்ற அழுத்தம். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கலங்களுக்கு உள்ளே வரும் குளுக்கோசை மட்டுப்படுத்தத் தெரியாது. அதனால் முதல் அடி அங்கே விழுகிறது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் இதை விரிவாக விளக்கினார்.

அப்படியானால் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின் குடித்தால் போதாதா? பிரித்தானியாவில் 20,000க்கும் அதிகமானோரைச் சேர்த்த ஆய்வில் ஐந்து ஆண்டுகள் விற்றமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் நீரிழிவு உள்ளவர்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று 2002இல் முடிவு வந்தது. மெட்போமினின் கதை வேறு. உடற்பருமன் கூடிய நீரிழிவுக்காரரிடம் அது மாரடைப்பை 39 வீதம் குறைத்ததை 1998இல் வெளிவந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஈரல் குளுக்கோசைக் கொட்டுவதை மெட்போமின் குறைக்கிறது. நெருப்புக்கு விறகு குறைந்தால் புகையும் குறையும் அல்லவா?

கோத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடி பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கட்டையில் கடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் நம் நாட்டில் பழையது. அதன் தேநீர், பல வாரச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைக் குறைத்ததாக 2005இல் இலங்கை வைத்தியர்களின் ஆய்வொன்று வெளிவந்தது. அதை நான் இகழமாட்டேன். ஆனால் குளிசையோடு சேரும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். குடிப்பவர் அதை வைத்தியரிடம் மறைக்கவே கூடாது.

குளிசைக்கும் பக்கவிளைவு உண்டு. மெட்போமினைப் பல வருடங்கள் எடுத்தால் விற்றமின் பி12 குறைந்து கால் விறைக்கலாம். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு மெட்போமின் ஆகாது. கடும் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அதைத் தொடரலாமா என்று உடனே வைத்தியரிடம் கேட்க வேண்டும். என்னை அதிகம் கவலைப்படுத்துவது கிளிக்கிளசைட்டு என்ற இன்னொரு சீனிக் குளிசை. அதைப் போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு கொழுந்து பறிக்க மலையேறினால் சீனி திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரும். சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போடாதீர்கள். மடியில் கொஞ்சம் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வெளியில் வாங்க நேர்ந்தால், துண்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைக்கு விற்கப்படுகிறது. 1971இல் பேராசிரியர் சேனக்க பிபிலே அரச மருந்துப் பொருட்கள் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பியதே இந்தச் சுரண்டலிலிருந்து நோயாளியை விடுவிக்கத்தான். அதன் ஒசுசல கடையில் முதலில் விசாரியுங்கள்.

எந்தப் பாமசியிலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கட்டுப்பாட்டு விலையைவிடக் கூட அறவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். மருந்தின் தரத்தில் சந்தேகம் இருந்தால் உறையையும் தொகுதி இலக்கத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் மருந்து உறையில் தமிழில் எழுதித் தரும்படி கேட்பது சலுகை அல்ல. அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு வீட்டிலிருக்கும் எல்லாப் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கண், பாதம், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.