துருத்திக்குள் எட்டுப் படம்

பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறக்கும். லென்ஸ், துருத்தியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும். ஜெர்மனியின் ஸைஸ் ஐகான் நிறுவனம் 1929இல் வெளியிட்ட ஐக்கோன்டா வகை மடக்குக் கேமரா இது. கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் அதே 1929இல்தான். இரண்டுக்கும் ஒரே வயது என்பதாலேயே என் கேமராவை அந்தத் தோட்டத்தின் சுங்கை பாலாஸ் சரிவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டேன்.

பழைய மடக்குக் கேமரா வாங்குவோர் முதலில் பிலிம் அளவைக் கேளுங்கள். 1901இல் கோடக் கொண்டுவந்த 120 பிலிம் இன்றும் கடையில் கிடைக்கிறது. 620 என்றால், அதே பிலிமை மெல்லிய உருளையில் இருட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து துருத்தி. இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் பிலிமில் புகைக்கறை விழும்.

மலைநாட்டில் பெரிய எதிரி பூஞ்சணம். லென்சுக்குள் சிலந்தி வலைபோலப் படர்ந்து, நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். அழகான தோலுறைதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உறையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கேமராவை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி எடுத்துப் படம் பிடிப்பது. அலமாரியில் அடைத்துவைக்கும் சேகரிப்பில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

என் லென்ஸ் போருக்கு முந்தியது, மேற்பூச்சு இல்லாதது. மூடுபனியின் வெள்ளை வெளிச்சம் உள்ளே சிதறிப் படம் வெளிறும். கையால் நிழல் கொடுத்துத்தான் எடுக்கிறேன். தூரத்தையும் கண்ணால் கணித்தே வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒரு சுருளுக்கு எட்டே படம்.

சுங்கை பாலாஸ் சரிவில் இன்று கொழுந்து எடுப்போரில் வெளிநாட்டவர் நிறைய. காட்டைத் திருத்திக் கன்று நட்ட தலைமுறையின் பிள்ளைகள் சிலர்தான் லயத்தில் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, படத்தை உடனே பார்க்க முடியாதா?"

"முடியாது பாட்டி. கழுவித்தான் கொண்டுவரணும்."

"அப்ப இரு."

உள்ளே போனவர் தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். கேமராவின் பின்புறச் சிவப்பு ஜன்னலில் எட்டாம் எண் தெரியும்வரை திருகைச் சுற்றினேன்.