சிகரெட் பாக்கெட்டுக்குள் ஒரு நாடகக்காரி!

கோலார் தங்கவயலை ‘குட்டி இங்கிலாந்து’ என்பார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம், துரைமார்களுக்குத் தனி கிளப்! அந்தக் காலத்தில் லண்டன் நாடக நடிகைகளும் இந்தியாவுக்கு வந்தார்கள். மேடையேற அல்ல, சிகரெட் பாக்கெட்டுக்குள் அட்டையில் அச்சிட்ட படமாக!

பிரிட்டனின் வில்ஸ் கம்பெனி, ‘சிசர்ஸ்’ சிகரெட்டோடு நடிகைகள் படம் அச்சிட்ட குட்டி அட்டைகளை வெளியிட்டது. முக்கியமாக, இங்கே முகாமிட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக. ஆமாம், கத்தரிக்கோல் படம் போட்ட அதே சிசர்ஸ்தான்!

இந்த அட்டை எதற்கு? அன்றைய பாக்கெட் வெறும் காகிதம். சட்டைப்பையில் சிகரெட் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தார்கள். வெற்று அட்டையை யார் சேர்த்து வைப்பார்கள்? அதிலேயே படத்தை அச்சடித்தார்கள். என்ன மூளை பாருங்கள்!

இதற்குப் பின்னால் ஓர் இயந்திரமும் உண்டு. 1880-களில் அமெரிக்காவின் டியூக் கம்பெனி, பான்சாக் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியது. ஒரு நாளில் லட்சத்துக்கும் மேல் சிகரெட்! கையால் சுருட்டினால் ஒருவரால் சில ஆயிரம்தான் முடியும். குவிந்த சரக்கை விற்றாக வேண்டுமே? நடிகைகளின் முகத்தைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் அப்பா வாஷிங்டன் டியூக்குக்கு இது பிடிக்கவே இல்லை. கவர்ச்சிப் படங்கள் வேண்டாம் என்று 1894-இல் மகனுக்குக் கடிதமே எழுதினார்!

அடுத்த சூட்சுமம் இன்னும் அபாரம். பல வரிசைகளில் 25 அல்லது 50 அட்டைகள், பெரும்பாலும் எண்ணும் உண்டு. எந்தப் பாக்கெட்டில் எந்த முகம் இருக்கும்? பிரித்தால்தான் தெரியும்! பன்னிரண்டாம் எண் கிடைக்கும்வரை வாங்கு, இரண்டிருந்தால் நண்பனிடம் மாற்று. முகத்தின் மேல் வந்த ஆசை, சரக்கை விற்றுக் கொடுத்தது. பிரபலங்களை வைத்து நடக்கும் இன்றைய விளம்பரம் முழுவதும் இந்த விரலளவு அட்டையில் அன்றே இருந்தது!

1941-இல் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் முதல் இந்திய நட்சத்திரமாகச் சிரித்தவர் லீலா சிட்னிஸ். அவர் பிறந்தது கோலார் இருக்கும் இதே கர்நாடகத்தின் தார்வாட்டில், வந்தது நாடக மேடையிலிருந்து. அட்டை போய் சோப்பு வந்தது, வித்தை அதேதான்!

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் இப்படி ஓர் அட்டை அகப்பட்டால், பசை தடவி ஆல்பத்தில் ஒட்டிவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். அது என்ன அட்டை என்பதை அவைதான் சொல்லும்!