மாத்திரை ஒரு நாள், செருப்பு தினமும்

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை" என்று பிள்ளை வந்து சொன்னதும் பல வீடுகளில் ஒரு கேள்வி எழும்: நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு மருந்து எதற்கு?

பதில் நம் மண்ணில் இருக்கிறது. கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இஞ்சிவிளை, களியக்காவிளை என்று ஊர்ப்பெயரிலேயே விளை, அதாவது தோட்டம், உண்டு. வாழையும் தென்னையும் நிழல் விரிக்கும் விளையில் மண் எளிதில் காயாது. மலத்தோடு அங்கே விழும் கொக்கிப்புழு முட்டைகள் அந்த ஈரத்தில் பொரிக்கும். நூல்நுனி போன்ற இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேரும். அங்கே குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் வலி தெரியாது. கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்காரும். நாம் அதற்கு 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுவோம்.

இது புதிய கவலை அல்ல. 1928-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு திருவிதாங்கூரில் குடற்புழு ஆய்வு நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நெய்யாற்றின்கரையில் ஒரு முன்மாதிரிச் சுகாதாரப் பிரிவும் அமைந்தது. மருந்து மட்டும் போதாது, கழிப்பறையும் சுகாதாரப் பிரசாரமும் வேண்டும் என்பதே அந்த முயற்சியின் பாடம்.

இன்று அந்த வேலையில் பெரும்பங்கு பள்ளியுடையது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. 2 வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. அதற்குக் கீழே பாதி. மென்று விழுங்க வேண்டும். வயிற்றில் புழு அதிகமிருந்தால் லேசான வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லுங்கள். விடுபட்டவர்களுக்குப் பின்னர் இன்னொரு நாள் உண்டு. வீடு கேரளத்திலும் பள்ளி தமிழ்நாட்டிலும் இருந்தாலும் திட்டம் ஒன்றுதான். தேதி மட்டும் மாறலாம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை, குறைந்த இரத்தத்தை ஈடுகட்டுவதற்கு. சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மலம் கறுத்தால் பயம் வேண்டாம். மாத்திரை போட்ட உடனே தேநீர் குடிக்க வேண்டாம். இவற்றோடு, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு பிள்ளைகளின் கண், பல், இதயம் என எல்லாவற்றையும் பார்க்கிறது.

ஆனால் பூச்சி மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைத்தான் கொல்லும். விளையில் காத்திருப்பதை அல்ல. வெறுங்காலோடு போனால் மறுபடியும் ஏறும். அதனால்தான் செருப்பு, சோப்பு, கழிப்பறை பற்றிய பாடமும் மருந்தில் பாதி.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.