தீவகக் கடற்பயணமும் காலநிலைத் தடைகளும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ‘இன்று படகு ஓடாது’ என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்பிச் செல்வது தீவக மக்களுக்குப் புதியதொன்றல்ல. யாழ்ப்பாண நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரம் பஸ்ஸில் வந்து இறங்கிய பின்னரே அந்தச் செய்தியை அறிய நேர்வதுதான் பல சந்தர்ப்பங்களில் அவர்களது வேதனைக்குக் காரணமாகின்றது. தீவைப் பார்க்கச் செல்பவருக்கு அது ஒரு நாள் ஏமாற்றம் மட்டுமே. ஆனால், மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்லும் நோயாளிக்கும், பரீட்சை எழுதவுள்ள மாணவருக்கும், மரண வீட்டுக்குச் செல்ல வேண்டிய உறவினருக்கும் தவறிய அந்த ஒரு நாளை எதனாலும் ஈடுசெய்ய முடியாது.

மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியன தரைப்பாதைகளால் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கிற்கும் படகைத் தவிர வேறு மார்க்கமில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் அளவிலான பயணம் போதுமானது. நெடுந்தீவுக்கோ திறந்த கடலில் சுமார் ஒரு மணித்தியாலம் பயணிக்க வேண்டும். எனவே, நயினாதீவுக்குப் படகு ஓடும் அதே நாளில் நெடுந்தீவுச் சேவை நிறுத்தப்படுவதில் வியப்பேதுமில்லை.

இக்கடலை இரண்டு காற்றுகள் ஆளுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று பலமாக வீசுகின்றது. ஒக்டோபருக்குப் பின்னர் வாடைக்காற்றின் பருவம் தொடங்குகின்றது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் பெரும்பாலும் இக்காலத்திலேயே எம்மை நெருங்குகின்றன. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாத மகோற்சவம் சோளகக் காலத்திலேயே இடம்பெறுவதால், பயணிகளின் நெரிசலும் காற்றின் வேகமும் ஒரே வேளையில் அதிகரிப்பதையும் கவனத்திற்கொள்ள வேண்டியுள்ளது.

வெயில் எறிக்கும் நாளில் படகை நிறுத்துவது ஏன் என்று சிலர் வினவுவதுண்டு. படகுக்கு மழையைவிடக் காற்றே ஆபத்தானது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது படகின்மீது செலுத்தும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. அலையின் உயரம் இருமடங்கானால் அதன் சக்தியும் அவ்வாறே நான்கு மடங்காகும். தீவகத்தைச் சூழ்ந்த கடல் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்த கடலில் அலைகள் ஒன்றையொன்று நெருங்கிச் செங்குத்தாக எழுவதால், சிறிய படகு ஓர் அலையிலிருந்து மீள்வதற்குள் அடுத்த அலையைச் சந்திக்கின்றது. கடலைக் கடந்துவிட்டாலும், இறங்குதுறையில் மேலும் கீழுமாக ஆடும் படகிலிருந்து முதியவர்களையும் குழந்தைகளையும் இறக்குவது மற்றுமோர் ஆபத்தாகும்.

பெரிய கப்பல்கள்கூட இதற்கு விலக்கல்ல. 1964 டிசம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்ததுடன், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே அரை நூற்றாண்டு காலம் நடைபெற்றுவந்த கப்பல் சேவைக்கும் முடிவு கட்டியது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்குமிடையே ஆரம்பிக்கப்பட்ட பயணிகள் கப்பல் சேவையும், பருவமழைக் காலத்தைக் காரணமாகக் கொண்டு அதே மாதத்திலேயே நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஆரம்பமானது 2024 ஓகஸ்ட் மாதத்திலாகும்.

ஆகவே, படகு நிறுத்தப்படுவதை ஓர் அநீதியாகக் கருத முடியாது. அது உயிர்காக்கும் ஏற்பாடாகும். படகோட்டி ‘முடியாது’ என்று கூறும்போது, ‘எப்படியாவது கொண்டுபோய் விடுங்கள்’ என்று அவரை வற்புறுத்துவதே தவறானது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் நிர்மாணிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், தற்காலிகப் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலை செல்லும் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது. அது புயலினால் நேர்ந்த அனர்த்தம் அல்ல. ஆயினும், வேறு வழியில்லாத மக்கள் பாதுகாப்பற்ற பயணத்தில் ஏற நேரிடுவதன் விளைவை அது உணர்த்திச் சென்றது. அமைதியான நீரிலேயே இவ்வாறாயின், கொந்தளிக்கும் கடலைப் பற்றிக் கூறத் தேவையில்லை.

தீவுகளுக்குச் செல்வோர் சில முன்னேற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. முதல்நாள் மாலையிலேயே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலைப் பார்க்க வேண்டும். ‘காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை’ என்று அதில் குறிப்பிடப்படும் கடற்பரப்பே தீவகத்துக்குப் பொருந்துவதாகும். பொதுவாகக் காலை வேளையைவிடப் பிற்பகலில் காற்று பலமடைவதால், முதற்படகில் செல்வதும் திரும்பும்போது கடைசிப் படகை நம்பியிராததும் விவேகமானது. வெளிநாட்டு விமானப் பயணம், பரீட்சை, நீதிமன்றத் தவணை, சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு முன்னர் ஒரு நாளையேனும் மேலதிகமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாளாந்தம் மருந்து உட்கொள்வோர் மேலும் சில நாட்களுக்குப் போதுமான மருந்தை எடுத்துச் செல்வதும், கையில் பணம் வைத்திருப்பதும் அவசியம். சேவை நிறுத்தப்பட்ட நாளில் தனியார் மீன்பிடிப் படகைப் பேசிப்பிடித்துச் செல்வதையும், உயிர்காப்பு அங்கியின்றிப் பயணிப்பதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

எனினும், பயணிகளுக்குப் புத்திமதி கூறுவதுடன் கடமை முடிந்துவிட்டதாகச் சம்பந்தப்பட்ட தரப்பினர் எண்ணிவிட முடியாது. எந்தக் காற்று வேகத்தில் சேவை நிறுத்தப்படும், அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். தீர்மானம் இயன்றவரை முதல்நாள் இரவே அறிவிக்கப்பட்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலும் தீவுகளின் இறங்குதுறைகளிலும் காட்சிப்படுத்தப்பட வேண்டும். காத்திருப்போருக்குக் கூரை, குடிநீர், மலசலகூட வசதிகள் வேண்டும். சேவை மீள ஆரம்பிக்கும்போது நோயாளருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாணவருக்கும் முன்னுரிமை வழங்கும் ஒழுங்கு வேண்டும். காற்றுக் காலம் தொடங்குமுன் தீவுகளில் அத்தியாவசிய உணவும் மருந்தும் இருப்பில் வைக்கப்பட வேண்டும். இவற்றுக்குக் கோடிக்கணக்கான ரூபா தேவையில்லை. பொறுப்புணர்வும் ஒரு தொலைபேசி அழைப்புமே பெரும்பாலானவற்றுக்குப் போதுமானவை.

சோளகமும் வாடையும் எவருடைய உத்தரவுக்கும் கட்டுப்படுவதில்லை. அதனைத் தீவக மக்களைவிட நன்கறிந்தவர்கள் வேறெவருமில்லர். கடல் அனுமதிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவர்களிடம் உண்டு. அந்தப் பொறுமையைத் தமது அலட்சியத்துக்கான அனுமதியாக அதிகாரத்தில் உள்ளோர் கருதிவிடலாகாது.