வீட்டில் ஒரு பேய்ப்பட இரவு

நல்ல படம் எது, மோசமான படம் எது என்று பிரித்துச் சொல்வது விமரிசகர்களின் தொழில். ஆனால் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து காண்பதற்கு ஏற்ற படம் எது என்று கேட்டால், விடை சிறிது மாறுபடும். உயர்ந்த படம் நம்மை வாய்மூடி இருக்கச் செய்கிறது. விமரிசகர்களின் கேலிக்கு ஆளான பேய்ப்படமோ அனைவரையும் பேச வைக்கிறது. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு வீட்டுப் பேச்சு சிறிய பொருளன்று.

நிலைமையை மறைப்பதில் பயன் இல்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டிக்கு இந்தி தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பேரனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது; அவன் பேசும் தமிழும் சோறு, தூக்கம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சனிக்கிழமை மாலையில் ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஆளுக்கொரு மூலையில் அமர்கின்றனர். இவர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கு எங்கள் இல்லத்தில் கையாண்ட வழியை இங்கு எழுதுகிறோம்.

பேரன் பாட்டிக்குச் சொல்வது

முதற்படமாக 'பிளான் நைன் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்னும் அமெரிக்கப் படத்தைச் சொல்வோம். எட்வர்ட் வுட் என்பவர் இயக்கி, 1957-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. வேற்றுலகத்தார் பறக்கும் தட்டுகளில் வந்திறங்கிப் பிணங்களை எழுப்பி விடுகின்றனர் என்பதே கதை. 1980-இல் மெட்வெட் சகோதரர்கள் வெளியிட்ட நூலொன்று இதனை உலகிலேயே மிக மோசமான படம் என்று அறிவித்தது. அன்று முதல் இதன் புகழ் ஓங்கிவிட்டது!

பறக்கும் தட்டுகள் நூலில் ஆடுகின்றன. கல்லறைக் கற்கள் ஆள் பட்டால் அசைகின்றன. ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. 1931-இல் டிராகுலாவாக நடித்துப் பெயர் பெற்ற பேலா லுகோசி 1956-இல் காலமானார். அவரைக் கொண்டு முன்னரே எடுத்திருந்த சில நிமிடக் காட்சிகளை வுட் இப்படத்தில் சேர்த்துக்கொண்டார். மற்றக் காட்சிகளுக்கு வேறொருவரை நிறுத்தினார். முகச்சாயல் ஒத்துவராமையால் அந்த மனிதர் மேலங்கியால் முகத்தை மூடியபடியே நடமாடுகிறார்.

படம் ஆங்கிலம், பாட்டிக்கு விளங்காது. "அவன் ஏண்டா மூஞ்சிய மூடிக்கிட்டே போறான்?" என்று அவர் கேட்டால், பேரன் தமிழில் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் இல்லத்தில் பையன் கல்லறைக்குத் தமிழ்ச்சொல் தெரியாமல், "செத்தவங்க வீடு" என்றான். "எரிக்கிற எடம் சுடுகாடு, பொதைக்கிற எடம் இடுகாடுடா" என்று பாட்டி திருத்தினார். பாடநூலைக் கையில் கொடுத்து ஒரு மாதம் வற்புறுத்தியிருந்தாலும் அவ்விரு சொற்களும் அவன் மனத்தில் இத்துணை உறுதியாகப் பதிந்திரா.

பாட்டி பேரனுக்குச் சொல்வது

அடுத்த வாரத்திற்கு ஏற்றது 'ஜகன்மோகினி'. பி. விட்டலாச்சார்யா இயக்கி 1978-இல் தெலுங்கில் வெளிவந்து, தமிழிலும் மொழிமாற்றம் பெற்ற படம். பேய்ப்பெண் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சியை ஊர்க் கொட்டகையில் கண்டவர்கள் இன்றளவும் மறக்கவில்லை. கணினித் தந்திரங்களைக் கண்டு பழகிய பிள்ளைகளுக்கு அது பெருஞ்சிரிப்பை விளைவிக்கும்.

இங்கே ஆசிரியர் மாறிவிடுகிறார். மோகினி என்றால் யார், கொள்ளிவாய்ப் பிசாசு எங்கே இருக்கும், ஊரார் உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் ஏன் நிற்பதில்லை என்று பிள்ளைகள் அடுக்கடுக்காக வினவுவார்கள். படம் பாதியில் நிற்கும்; பாட்டியின் கதை தொடங்கும். அதை இடைமறிக்க வேண்டா. நாம் எதிர்பார்த்ததும் அதுவே.

பெரியவர்களுக்கு மட்டும்

சிறுவர் உறங்கிய பின் பெரியவர்கள் காணத்தக்கது ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984). சாம்ரி என்னும் கொடியவனின் தலையை ஒரு பெட்டியிலும் உடலை வேறிடத்திலும் அடைத்து வைத்த குடும்பத்தின் கதை. நடுவே 'ஷோலே' படத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைப் பகுதி ஒன்று எதற்கென்று விளங்காமலே வந்து போகிறது. விமரிசகர் இகழ்ந்தனர், மக்களோ திரண்டு வந்து பார்த்தனர்.

இப்படத்தை எடுத்தவர்களின் வரலாறு நமக்கு அயலானதன்று. கராச்சியில் வானொலிக் கடை நடத்திய எஃப். யு. ராம்சே, 1947-இல் நாடு பிரிந்தபோது பம்பாய்க்குக் குடிபெயர்ந்தவர். அவருக்கு ஆண்மக்கள் எழுவர். 1970-இல் அவர் தயாரித்த படம் தோல்வியுற்றது. ஆயினும் அதில் கோரமுகமூடி அணிந்து திருடவரும் ஒரு காட்சியை மட்டும் மக்கள் விரும்பியதை மைந்தர்கள் கவனித்தனர். உடனே 1972-இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' என்னும் பேய்ப்படத்தை எடுத்தனர். துளசியும் ஷியாமும் இயக்க, கங்கு ஒளிப்பதிவையும் கிரண் ஒலிப்பதிவையும் கவனித்தனர். குடும்பமே மகாபலேஷ்வருக்குச் சென்று தங்கிற்று. வீட்டுப் பெண்டிர் அனைவருக்கும் சமைத்தனர். ஊரை இழந்து வந்த ஒரு குடும்பம் கூடி உழைத்து நிமிர்ந்த கதை அது. ஆகவே அப்படங்களைக் கண்டு சிரிக்கலாம், இகழ்தல் கூடாது.

செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

படத்தைப் பெரியவர் ஒருவர் முன்னரே தனியாகப் பார்த்துவிட வேண்டும். 2024 முதல் புதிய படங்களின் யு/ஏ சான்றிதழில் 7, 13, 16 என வயதுப் பிரிவு காட்டப்படுகிறது. பழைய படங்களில் அக்குறிப்பு இராது. 'ஏ' சான்றிதழ் பெற்றவற்றைச் சிறுவர் முன் போடவே கூடாது.

ஓர் இரவுக்குப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போதும். மாலை ஆறரைக்குத் தொடங்கினால் உணவு வேளைக்குள் முடிந்துவிடும். குவார்ட்டர்ஸ் சுவர்கள் மெல்லியவை. அடுத்த வீட்டில் இரவுப் பணி முடித்து வந்தவர் உறங்கக்கூடும். ஒலியைக் குறைத்தால் நம் பேச்சும் நன்கு கேட்கும். சுண்டலும் பொரியும் இருந்தால் போதுமானது. நடைவழியில் ஒரு விளக்கு எரியட்டும். முதியவர் எழுந்து செல்ல அது உதவும். படத்தின் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுக்கலாம். பிழையைத் தேடும் கண்ணில் அச்சம் தங்காது.

படம் முடிந்ததும் பிள்ளைகளை நேரே படுக்கைக்கு அனுப்ப வேண்டா. விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் பேசியிருங்கள். பேய் எப்படிச் செய்யப்பட்டது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

தொலைக்காட்சிப் பெட்டி போதுமாயினும், வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டிப் படம் காட்டுவதில் தனி மகிழ்ச்சி உண்டு. நம் சங்கம் சிறிய புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, உறுப்பினர் இல்லங்களுக்கு வாரம் ஒன்றாகச் சுழற்சி முறையில் வழங்கினால் என்ன? செயற்குழுவினர் சிந்திப்பாராக. அதுவரை, இச்சனிக்கிழமையே கைப்பேசிகளை அலமாரியில் வைத்துவிட்டு, பாட்டியை நடுவில் அமர்த்தித் தொடங்குங்கள்.